கேட்கும்வரை கை தூக்கியிருங்கள்

காருக்குள் கேட்கும் சத்தங்களை உண்டாக்குவதுதான் என் வேலை. யாரிடமாவது இதைச் சொன்னால், "ஹாரனா?" என்று கேட்பார்கள். ஹாரன் வெளியே இருப்பவர்களுக்கு. நான் செய்வது ஓட்டுகிறவருக்கு. சீட் பெல்ட் போடாவிட்டால் வரும் டிங் டிங், பின்னால் எடுக்கும்போது சுவர் நெருங்க நெருங்க வேகமெடுக்கும் பீப், முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால் காரே எழுப்பும் கூச்சல். இவை தானாக வருவதில்லை. சென்னையில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அது நான்.

வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு வேலை மாதிரித் தெரியும். சத்தம் மெல்லியதாக இருந்தால் ஓட்டுகிறவர் கவனிக்க மாட்டார். கடுமையாக இருந்தால் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்துவிடுவார். அடிக்கடி வந்தால் எரிச்சலாகி, மெக்கானிக்கிடம் விட்டு ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிடுவார். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. அதற்குள் நுழைய வேண்டும். மோதல் எச்சரிக்கைக்காக நான் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த சத்தம் அதற்குள் நுழைந்துவிட்டதாக நம்பினேன். மெல்லிய உலோகத்தைச் சுண்டியது போல மூன்று ஒலிகள், அடுத்தடுத்து, நல்ல உச்ச சுருதியில். சென்னை, காஞ்சிபுரம் சாலைகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சட்டென்று பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனார்கள். யாரும் திடுக்கிடவில்லை. "கேக்க அழகா இருக்கு" என்று ஒருவர் சொன்னதை வீட்டில் போய் இரண்டு தடவை சொன்னேன். எனக்குக் காது நல்ல காது என்ற கர்வம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அடுத்த அறையில் விழுந்தது டம்ளரா சொம்பா என்று பார்க்காமலே சொல்லுவேன்.

மலைப்பாதையில்தான் சிக்கல் வந்தது. காரின் மூக்கில் இருக்கும் ரேடார் நேராகப் பார்க்கிற பொருள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அதன் எதிரே பாறைதான் நிற்கும். மோதப்போகிறோம் என்று நினைத்துக் காரைக் கத்த வைக்கும். ஐந்து வளைவில் பொய் சொன்ன காரை ஆறாவது வளைவில் யாரும் நம்புவதில்லை. மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் எந்தச் சத்தத்தை மதிக்கிறார்கள், எதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிறார்கள் என்று பார்த்துவர வேண்டும் என்றார் மேலாளர். அப்படித்தான் ஓர் ஆனி மாதத்தில் நானும் என் சக ஊழியரும் ஜவ்வாது மலைக்குப் போனோம்.

சக ஊழியர் வாணியம்பாடிக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் வீட்டில் அப்பா, அண்ணன்கள் எல்லோரும் தோல் வியாபாரம். இவர் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் பெரிய தைரியம். மலையடிவாரத்தில் சந்தவாசலில் அறை எடுத்துக்கொண்டோம். தினமும் காலையில் எங்கள் சோதனைக் காரை மலைமேல் கொண்டுபோய், ஜமுனாமரத்தூரில் ஓட்டுநர்களை ஏற்றிக்கொள்வோம். பஸ், ஜீப், சரக்கு வண்டி என்று மலைப்பாதையில் பிழைக்கிறவர்கள் ஏழு பேர் சம்மதித்திருந்தார்கள்.

சோதனை எளிதானதுதான். ஓட்டுநர் வழக்கம் போலக் காரை ஓட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் என் சக ஊழியர். அவர் காலடியில் அவசரத்துக்கு இன்னொரு பிரேக். பின்னால் மடிக்கணினியுடன் நான். நினைத்த இடத்தில் ஒரு சத்தத்தைப் போடுவேன். அது காதில் விழுந்ததும் ஸ்டியரிங்கில் இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பொத்தானை அவர் அழுத்த வேண்டும். சத்தத்துக்கும் அழுத்தலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்பது பதிவாகும்.

நான்காவதாக வந்தவர் ஐம்பதை ஒட்டியவர். சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்திருந்தார். சிற்றூர்களிலிருந்து ஜமுனாமரத்தூர் சந்தைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றிவருவார். மேலே சாமை மூட்டை, புளி மூட்டை. அதிகம் பேசாதவர். பேசுகிறவர் முகத்தை மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பார். அவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை என்று அன்று நினைத்தேன். அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். கணவர் கார் கதவைத் திறப்பதற்குள் அவர் பின்கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"சோதனை அவருக்கு மட்டும்தாங்க" என்றேன்.

"நா கூட வந்தா உங்களுக்கு இன்னா கஷ்டம் மேடம்? பேசக்கூட மாட்டேன். இங்கயே ஒக்காந்துக்கறேன்."

என் சக ஊழியர் திரும்பிச் சிரித்தார். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். அக்கா இல்லாம அண்ணன் ஒரு நடை கூட போவ மாட்டாராம். டீக்கடையில சொன்னாங்க."

"சொல்லட்டும்" என்றார் அந்த அம்மாள், வெளியே பார்த்துக்கொண்டு.

அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. அவர் ஓட்டியதைப் போல அந்தப் பாதையில் யாரும் ஓட்டவில்லை. வளைவுக்கு முன்னால் அவர் கை கியருக்குப் போவதே தெரியாது. நான் போட்ட எல்லாச் சத்தங்களுக்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றைக்கூட விடவில்லை.

அறைக்குத் திரும்பிப் பதிவுகளைப் பார்த்தபோது ஒன்று விநோதமாக இருந்தது. மற்ற மூன்று ஓட்டுநர்களுக்கும் மெல்லிய சத்தத்துக்கு அதிக நேரம், கடுமையான சத்தத்துக்குக் குறைந்த நேரம் என்று ஏறி இறங்கியிருந்தது. அப்படித்தான் இருக்கும். இவருக்கு எல்லாச் சத்தத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். மிரட்டுகிற சத்தமானாலும் கெஞ்சுகிற சத்தமானாலும் அவருக்கு ஒன்றாகவே இருந்தது. மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதம். ஆனால் மாறாத தாமதம்.

"மலையில முப்பது வருஷம் ஓட்னவரு மேடம். எதுக்கும் பதற மாட்டாரு" என்றார் சக ஊழியர். எனக்கும் அது சரியென்று பட்டது. அனுபவசாலிகள் எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே நிதானத்தோடு செயல்படுகிறார்கள் என்று அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதினேன். நன்றாக வந்த வாக்கியம் என்று திருப்தி வேறு.

ஒருவரை இரண்டு நாள் ஓட்ட வைப்பது எங்கள் வழக்கம். இரண்டாம் நாள் அவர் மட்டும் வந்தார். அன்று சந்தை நாள். அவர்கள் வீட்டு மரங்களில் பலா பழுத்திருந்தது. மனைவி பழங்களோடு சந்தைக்குப் போய்விட்டார். அவர் தயங்கித் தயங்கி ஏறினார். "இன்னிக்கி வாணாமா, நாளைக்கி வர்றேனே" என்றார். நாளைக்கு வேறொருவரை வரச்சொல்லியிருக்கிறோம் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

முதல் சத்தத்தைப் போட்டேன். அவர் அழுத்தவில்லை. மறந்திருப்பார் என்று இரண்டாவதைப் போட்டேன். கார் முழுக்கக் கணீரென்று கேட்டது. அவர் தோள்கூட அசையவில்லை. மூன்றாவதாக, இருப்பதிலேயே கடுமையானதைப் போட்டேன். சக ஊழியர் குனிந்து பொத்தானின் ஒயரைச் சரிபார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவர் முகத்தையும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

அடுத்த அகலமான இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கீழே பள்ளத்தாக்கில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அடிச்சிதா மேடம்?" என்று கேட்டார்.

"மூணு தடவை."

பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். பிறகு சொன்னார். "எனக்குக் கேக்கல. நேத்தும் கேக்கல. அவ முட்டியால சீட்ட இடிப்பா. அத்த வச்சிதான் அமுக்கனேன்."

ஏழு வருடமாக இப்படித்தானாம். வேனில் எஞ்சின் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. பழைய எஞ்சின், அதன் இரைச்சலோடு முப்பது வருடம். முதலில் போன் அடிப்பது கேட்காமல் போனது. போன் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கினார். பிறகு வேனில் வரும் பெண்கள் இறங்கவேண்டிய இடத்தைச் சொன்னால் ஏதோ முணுமுணுப்பது மாதிரி இருந்தது. ஒருநாள் அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்ததை மனைவி வந்து பார்த்தார். அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

"பஸ் ஹாரன் நல்லா கேக்குது மேடம். லாரி கேக்குது. பைக்கு ஹாரன்தான் வரல. வளைவுல எதுக்க பைக்கு வந்தா தெர்ல. ஒரு தபா கொஞ்சத்துல தப்பிச்சான் ஒருத்தன். மறுநாள்லருந்து அவ வண்டியில ஏறிட்டா."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"இன்னா சொல்றது? செவுடன் வண்டியில எவன் ஏறுவான்? பொண்டாட்டி பின்னாடியே சுத்துறான்னு பேசிக்கிறாங்க. பேசிட்டுப் போவட்டும், அது பரவால்லனு அவதான் சொன்னா."

திரும்பும்போது காரைச் சக ஊழியர் ஓட்டினார். ஓட்டுநர் என் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது, "எழுதிடுவீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். உங்கள் பெயரை எங்கும் எழுதமாட்டோம் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரியும்.

நானும் சக ஊழியரும் கடையில் டீ வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம்.

"சொல்லாம வுட்டா தப்பு மேடம். அந்த வேன்ல கொழந்தைங்க வருது" என்றார் அவர். சற்றுக் கழித்து, "சொன்னா அவுரு பொழப்பே போய்டும்" என்றார்.

மேலாளரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு மாதக் கடைசிக்குள் அறிக்கை வேண்டும். "காது கேட்காத ஒருத்தரை வைத்துச் சத்தத்தைச் சோதிப்பது எப்படி? அவர் பதிவை எடுத்துவிடுங்கள். வேறொருவரைப் போடுங்கள்" என்றார். கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. போனை வைத்த பிறகுதான், நாம் செய்கிற சத்தம் யாருக்கு அதிகம் தேவை என்று எனக்கு உறைத்தது. முப்பது வருடம் இரைச்சலில் ஓட்டிய ஒருவருக்குக் கேட்காத எச்சரிக்கையை, காது நன்றாக இருக்கிறவர்களுக்காக அழகாகச் செய்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டேன். சந்தையில் விற்காத பலாப்பழங்கள் சுவரோரம் கிடந்தன. வேன் வாசலில் நின்றது. அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"அவுரு எல்லாத்தையும் சொன்னாரு. இப்ப இன்னாத்துக்கு வூடு வரைக்கும் வந்தீங்க? வண்டியப் புடுங்கவா?"

"இல்லைங்க."

"ஏழு வருஷம். ஒரு கோழிகூட எங்க வண்டியில அடிபடல. நா பாத்துக்கறேன். என் முட்டி பாத்துக்குது."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று கேட்டேன்.

"வந்தா அன்னிக்கி வண்டி எடுக்க மாட்டாரு."

"இன்னிக்கி எங்க காரை எடுத்தாரே."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வற்புறுத்தியது நான். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் எழுந்து உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். "மேடம் சண்ட போட வர்ல. ஒக்காரு" என்று மனைவியிடம் சொன்னார்.

ஸ்பீக்கரை வைத்துவிட்டு நான் கேட்டுக்கொண்டது இதைத்தான். இருவரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் தொடங்கும். மெதுவாகக் கீச்சுக் குரலாக மேலே மேலே போகும். கேட்கிறவரை கையைத் தூக்கியிருங்கள். கேட்பது நின்றதும் கையை இறக்கிவிடுங்கள். இது ஆஸ்பத்திரிப் பரிசோதனை அல்ல, எனக்குப் புரிவதற்காக.

இருவரும் நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கையைத் தூக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. தண்ணீர்க் குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு தாழ்ந்த ஒலி தொடங்கியது. இரண்டு கைகளும் உயர்ந்தே இருந்தன. ஒலி ஏறியது. ஆண் குரலின் உயரத்தைத் தாண்டி, பெண் குரலின் உயரத்தைத் தாண்டிப் போனது. ஒலி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும் ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் அவர் கை தளர்ந்து மெதுவாக மடியில் இறங்கியது. எட்டு மாதம் உட்கார்ந்து நான் செய்த மூன்று ஒலிகளும் மூவாயிரத்துக்கு மேலே இருந்தன.

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. ஒலி ஏறிக்கொண்டே போனது. நான்காயிரம், ஐந்தாயிரம், ஆறாயிரம். இவ்வளவு நேரம் ஆகிறதே என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். கணவர் கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து, அமைதியாக உட்கார்ந்திருந்தார். சத்தம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் தன் தூக்கிய கையைப் பார்த்தார், மறுபடி கணவரைப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையை இறக்கிவிட்டார்.

நான் சத்தத்தை நிறுத்தினேன்.

"இவ்ளோ இருக்குதா?" என்றார். "பைக்கு ஹாரனும் விசிலுந்தான் போச்சினு நெனச்சேன். இவ்ளோ இருக்குதா அங்க?"

கணவர் கண்ணைத் திறந்து, "முடிஞ்சிதா?" என்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு சக ஊழியர்தான், "மேடம், நாம ரெண்டு பேரும் தூக்கிப் பாக்கலாமா?" என்றார். சூழ்நிலையை இலேசாக்கத்தான் சொன்னார். தூக்கினோம். அந்த அம்மாள் நடுவராக நின்றார். உச்சிக்குப் போகப் போக என் கை இறங்கிவிட்டது. சக ஊழியரின் கை இன்னும் ரொம்ப நேரம் நின்றது. எனக்கு வயது நாற்பத்தாறு. "மேடத்துக்கும் போவுது" என்று அந்த அம்மாள் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான். நான் உள்ளுக்குள் கொஞ்சம் அதிர்ந்துதான் போனேன்.

"எந்தச் சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லா கேக்குது?" என்று கணவரிடம் கேட்டேன்.

யோசித்தார். பஸ் வருவது, மாடு கத்துவது, ஆற்றில் தண்ணீர் போவது. பிறகு எழுந்துபோய்ச் சுவரோரம் கிடந்த பலாப்பழங்களை விரல் முட்டியால் தட்டினார். ஒன்று, இரண்டு. "இது நாளைக்கிப் பழுக்கும். இது இன்னும் ரெண்டு நாளு. தட்னா இன்னும் எனக்குத் தெரியும்."

நானும் தட்டிப் பார்த்தேன். தடித்த, தாழ்ந்த சத்தம். ஓசை சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கியது. எச்சரிக்கைக்கு வேண்டிய குணம் அதுதான். திடீரென்று தொடங்க வேண்டும், இழுக்கக்கூடாது. அவரைத் தட்டச் சொல்லி மைக்கை வைத்துப் பதிவு செய்துகொண்டேன். எந்தப் பழம் நல்ல சத்தம் தருகிறது என்று கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் சொன்ன பழம்தான் சரியாக இருந்தது.

மறுநாள் வரவேண்டிய ஓட்டுநரைப் பிறகு வரச்சொல்லிவிட்டு, நாள் முழுக்க அறையில் உட்கார்ந்தேன். அந்தத் தட்டலை அடித்தளமாக வைத்து, மூன்று முறை, இரண்டாவது முதலாவதைவிட வேகமாக, மூன்றாவது இன்னும் வேகமாக வருகிற மாதிரி கோத்தேன். அதன்மேல் என் பழைய உலோக ஒலியை மெல்லிய போர்வையாகப் போட்டேன். கேட்கிறவருக்கு இரண்டும் கேட்கும். மேலே உள்ளது கேட்காதவருக்குக் கீழே உள்ளது போதும். முன்பு செய்தது மாதிரி அழகாக இல்லை. யாரோ கதவைத் தட்டி, "சீக்கிரம்" என்று சொல்வது போல இருந்தது.

அதற்கடுத்த நாள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அதே பாதையில் போனோம். அந்த அம்மாள் பின் இருக்கையில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். "பாத்துக்குங்க மேடம். முட்டி இங்க இருக்குது" என்றார்.

முதல் மூன்று வளைவுகளில் நான் எதுவும் போடவில்லை. நான்காவதுக்கு முன்னால் போட்டேன். பொத்தான் அழுத்தப்பட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. முதல் நாள் முட்டியால் வந்த தாமதம் இப்போது இல்லை. அவர் உதட்டோரம் மெல்ல அசைந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அந்த அம்மாள் மடக்கிய கால்களைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் கணவரின் கட்டைவிரலை எட்டி எட்டிப் பார்த்தார். பத்தாவது தடவைக்கு மேல் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா, அழுவறியா?" என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் இல்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

திரும்பிவந்த பிறகுதான் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இது எங்கள் காரில் மட்டும் இருக்கிற சத்தம். உங்கள் வேனில் இல்லை. எதிரே வருகிற பைக் இன்னும் உங்களுக்குக் கேட்காது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் காதைக் காட்ட வேண்டும். அதுவரை ஆட்களை ஏற்ற வேண்டாம்.

மறுப்பார் என்று நினைத்தேன். மனைவிதான் முதலில் பேசினார். "அன்னிக்கி கைய எறக்குனாரே, அப்பவே நா முடிவு பண்ணிட்டேன் மேடம். ஆளு ஏத்தறது வாணாம். மூட்ட மட்டும் ஏத்தலாம்."

"ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?" என்றார் கணவர்.

"காது கேக்கலனு சொல்லுங்க" என்றார் மனைவி. "இத்தினி வருஷம் வேற ஒண்ண சொல்ல வுட்டோமே, அதவிட இது இன்னா கேவலம்?"

அவரைத் திருப்பத்தூருக்கு அழைத்துப்போனவர் என் சக ஊழியர். விடுமுறை போட்டுவிட்டு வாணியம்பாடியிலிருந்து அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். இரைச்சலும் வயதும் சேர்ந்து வந்த குறை, திரும்ப வராது, ஆனால் கருவி போட்டுக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். கருவியைப் போட்ட முதல் நாளில் ஊர் முழுக்கத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அதைப் பழகவே இரண்டு மூன்று மாதமானது. பழகிய பிறகு மருத்துவர் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அவரே போனார். எதையும் மறைக்காமல் சொன்னாராம். இரண்டு தடவை வரவழைத்தார்கள், ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். கருவியோடு ஓட்டலாம் என்று ஆனது. பழைய ஆட்களில் சிலர் இன்னும் அவர் வேனில் ஏறுவதில்லை. அதைச் சொல்லும்போது போனில் அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மீதி ஓட்டுநர்களையும் நான் கை தூக்க வைத்தேன். இன்னும் இரண்டு பேருடைய கை மூவாயிரத்துக்கு முன்னாலேயே இறங்கியது. அவர்கள் அது தெரியாமலே இருந்தார்கள். அறிக்கையிலிருந்து அந்த நிதானத்தைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதினேன். மேலாளர் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு கூட்டத்தில் ஒருவர், "நம் வாடிக்கையாளர்கள் கதவு தட்டுகிற சத்தத்துக்கா காசு கொடுப்பார்கள்?" என்றார். நீண்ட இழுபறிக்குப் பிறகு தாழ்ந்த ஒலி சேர்க்கப்பட்டது. நான் கேட்ட அளவில் பாதிதான். வளைவுகளில் பாறையைப் பார்த்துக் கத்தாதபடி ரேடாரையும் திருத்தினார்கள். பாதியாவது சேர்ந்ததே என்று சில நாள் தோன்றும். பாதி போதுமா என்று சில நாள் தூக்கம் வராது.

இப்போது எந்தச் சோதனைக்குப் போனாலும் காரில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரையும் கை தூக்கச் சொல்கிறேன். சிரிப்பார்கள். சில பேர் முகம் மாறும். அப்படி மாறினால், மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவரோடு தனியாகப் பேசுவேன்.

இந்த வருடம் வேறொரு வேலையாக மறுபடி மலைக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி நின்றபோது அந்த வேன் வந்து நின்றது. முன்கண்ணாடியில் சிவப்பில் எல் என்று எழுதிய அட்டை. ஓட்டுநர் இருக்கையில் அந்த அம்மாள். கணவர் பக்கத்து இருக்கையில், காதில் கருவியோடு, ஒரு கையைக் கைப்பிரேக்கின்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டு மூணு மாசம் வண்டியில ஆளு ஏத்தல இல்ல மேடம், அப்பதான் கத்துக்கலாம்னு தோணுச்சி" என்றார் அந்த அம்மாள் ஜன்னல் வழியாக. "இவுரு கத்துக் குடுக்கறேன்னு ஒரே கத்தல். காது கேக்குதுனு ரொம்பத்தான் கத்தறாரு."

"கிளச்ச வுடாத" என்றார் கணவர்.

"வுடல. மேடம், பின்னாடி ஒக்காருங்க. மூட்டைய கொஞ்சம் தள்ளிக்குங்க, எடம் இருக்குது."